மொட்டைக்கறுப்பனுக்கு ஒரு வாரிசு வேண்டும்

யாழ்ப்பாணத்துப் பெருமைகளைப் பட்டியலிடச் சொன்னால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் எப்படியும் முன்வரிசைக்கு வந்துவிடும். தெல்லிப்பழைச் செம்மண் வளவுக்குள் நிற்கும் மாமரமும் மாரி மழையை நம்பி விதைக்கும் சிவப்பு நெல்லும் வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குக்கூட ஊரை நினைவூட்டுபவை. இந்தப் பற்றில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் சில வருடங்களாக அது ஒரே சுருதியில் ஒலிக்கிறது: பாரம்பரிய விதையைக் காப்போம், பழையபடியே விதைப்போம், அதில் யாரும் கைவைக்க விடமாட்டோம். நான் சொல்ல வருவது இதற்குச் சற்றுக் குறுக்கே நிற்கும். விதையைக் காப்பது பாதி வேலை மட்டுமே. காத்த விதையின் மரபணுக்களை வாசித்து, வேறொன்றோடு கலந்து, இந்த மண்ணுக்கு ஏற்ற பிள்ளையைப் பெறுவதுதான் மற்றப் பாதி. அந்த இரண்டாவது வேலை வடக்கில், வடக்கின் நிலத்திலேயே நடக்கவேண்டும்.

காப்பதன் அருமையை வலிகாமம் வடக்குக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு சேர்த்து விதைநெல்லையும் விட்டுப் போனார்கள். பல காணிகள் இரண்டு, மூன்று தசாப்தங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தன. சாதாரண மூடையில் கட்டி வைத்த நெல், நம் வெக்கையிலும் ஈரத்திலும் ஓரிரு வருடங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே ஒரு குடும்பம் தொடர்ந்து சில போகங்கள் விதைக்காமல் விட்டால் அந்தக் குடும்பத்தின் விதை அத்தோடு முடிந்தது. சிரியாவில் போர் மூண்டபோது அலெப்போவில் இருந்த சர்வதேச விதை வங்கியை விட்டு விஞ்ஞானிகள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் முன்கூட்டியே பிரதிகளை நோர்வேயின் ஸ்வால்பார்ட் பனிக்கிடங்குக்கு அனுப்பியிருந்ததால் 2015இல் அங்கிருந்து திருப்பி எடுத்து மொறோக்கோவிலும் லெபனானிலும் மறுபடி விதைத்தார்கள். நமக்கும் கன்னொறுவையில், ஜப்பானிய உதவியுடன் 1988இல் தொடங்கிய பயிர் மரபுவள நிலையம் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகள் குளிரறையில் கிடக்கின்றன. நல்லது. ஆனால் குளிரறையில் கிடக்கும் விதை எந்த வெள்ளத்தையும் காணாது, எந்த உவரையும் சுவைக்காது. வெளியே காலநிலை மாறிக்கொண்டிருக்க, அது மாறாமல் உறங்கும். எழுப்பி வேலை வாங்காதவரை அது ஒரு காப்புறுதிப் பத்திரம் மட்டுமே.

எழுப்பி வேலை வாங்கியவர்கள் கண்ட பயனைப் பாருங்கள். இலங்கையின் முதல் பெரிய கலப்பு நெல்லினமான எச்-4, 1958இல் வெளியானது. 1952இல் தொடங்கிய, குருநாகல் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆரம்பகால அறுவடைகளில் அதுவும் ஒன்று. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் ‘மாஸ்’. மற்றது முருங்கைக்காயன் 302 என்ற நம் நாட்டு நெல். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு நாட்டு நெல்லின் பிள்ளை நாடு முழுவதும் வயல்களை நிறைத்தது. இலங்கையின் ரது ஹீனட்டி, பாபவீ என்னும் நாட்டு நெல்களில் கபிலநிறத் தத்தியை எதிர்க்கும் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று ஆசியாவெங்கும் நெல் இனவிருத்தியாளர் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். மாம்பழத்திலும் இதே கதைதான். இந்தியாவிலிருந்து 1889இல் புளோரிடாவுக்குப் போன முல்கோவாவின் கொட்டையில் பிறந்தது ‘ஹேடன்’. ஹேடனின் வழியில் வந்தது ‘டொமி அற்கின்ஸ்’. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் சிவந்த தோலோடு அடுக்கியிருக்கும் பழங்களில் பெரும்பகுதி நெடுங்காலம் இந்த இனமாகவே இருந்தது. அதன் ருசி நம் அம்பலவிக்குக் கால்தூசி பெறாது என்பது வேறு விடயம். தூரப் பயணத்தைத் தாங்கும் தோலும் வருடாவருடம் காய்க்கும் குணமும் அதற்கு உண்டு. சந்தை அதைத்தான் கேட்டது. தாய்மரம் நம் பக்கத்தில் நின்றது, பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் வேறிடத்தில் இருந்தார். ஆதாயம் தேர்ந்தெடுத்தவருக்கே போயிற்று.

‘மரபணு ஆராய்ச்சி’ என்றதும் கண்ணாடிக் குழாயும் முகமூடியும் மனதில் வருவதால், அது உண்மையில் என்ன வேலை என்பதைச் சிவப்பரிசியை வைத்தே விளக்கலாம். காட்டு நெல்லின் அரிசி இயல்பாகவே சிவப்பு. ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்துபோனதால்தான் வெள்ளையரிசி வந்தது என்று 2006இல் கண்டறிந்தார்கள். உலகில் விளையும் வெள்ளை நெல்லினங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது இதே உதிர்வு. எங்கோ ஒருமுறை நேர்ந்த பிழையை மனிதர் விரும்பிக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பியிருக்கிறார்கள். ஆகவே மொட்டைக்கறுப்பன் எதையும் இழக்காத பழைய எழுத்தை வைத்திருக்கும் நெல். சிவப்பு நெல்லையும் வெள்ளை நெல்லையும் கலந்தால் முதல் தலைமுறைப் பயிர் சிவப்பரிசியே தரும். அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று வெள்ளையாகும். மிஞ்சிய மூன்றில் ஒன்றுதான் நிலையான சிவப்பு; மற்ற இரண்டும் தமக்குள் வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும். எந்தக் கமக்காரரின் கூரிய கண்ணாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. பழைய முறையில் என்றால் ஒவ்வொன்றையும் அடுத்த போகம் விதைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது இரண்டு வார நாற்றின் இலைத் துண்டொன்றைச் சோதித்தால் அன்றைக்கே தெரியும். பயிரின் மீது எதுவும் ஏற்றப்படுவதில்லை, எதுவும் வெட்டப்படுவதில்லை. ஏற்கெனவே எழுதியிருப்பதை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வாசிப்பு யாழ்ப்பாணத்து நெல்லுக்கு எங்கே உதவும்? குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை. நெல், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை நம்பிய காலபோகப் பயிர். பல இடங்களில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்க்கிறார்கள். மழை பிந்தினால் முளை கருகும். ஒரேயடியாகக் கொட்டினால் வயல் மூழ்கும். 2008 நிஷா, 2020 புரெவி, 2024 ஃபெங்கல் என்று புயல்களின் பெயரைச் சொல்லியே அழிவைக் கணக்கிட வேண்டிய நிலை. தொண்டைமானாறு, உப்பாறு ஏரிகளை அண்டிய வயல்களில் உவர் ஏறுகிறது. இவற்றோடு, மொட்டைக்கறுப்பன் உயரமாக வளரும் நெல் என்பதால் சற்று உரம் கூடினாலும் கதிர் முற்றும்போது காற்றில் சாய்ந்துவிடும். இந்த ஒவ்வொரு தொல்லைக்கும் நெல்லினத்துக்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில் மருந்து இருக்கிறது. உவருக்குக் கேரளத்துக் கடலோரப் பொக்காளி நெல். அதன் முதலாவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி நாற்றுப் பருவத்தில் உவரைத் தாங்க உதவுகிறது. வேரால் ஏறும் சோடியம் இலையைச் சென்றடையாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கிய வேலை. அம்பலாந்தோட்டையில் பொக்காளியைப் பெற்றோராக வைத்து உண்டாக்கி 1992இல் வெளியிட்ட ஏ.ரி. 354 என்ற மூன்றரை மாத இனம், மரபணு அடையாளங்கள் புழக்கத்துக்கு வருமுன்னரே பழைய கலப்பு முறையால் கிடைத்தது. சாய்வதற்கு, 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லைக் குள்ளமாக்கிய தாய்வான் மரபணு. மூழ்குவதற்கு ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். நாம் செய்யக்கூடியதற்கு மிக அருகில் இருக்கும் முன்மாதிரி அதுதான். அந்த ஒடிசா நெல் மகசூலிலும் சோற்றின் தரத்திலும் எவரும் விரும்பாத ஒன்று. ஆனால் முழுதாக நீருக்குள் கிடந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் உயிர் பிடித்திருக்கும். மற்ற நெல்கள் மூச்சுக்குத் தவித்து உயரமாக வளர்ந்து, சேமித்த மாச்சத்தைச் செலவழித்துச் சாகின்றன. இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடந்து, நீர் வடிந்தபின் தழைக்கிறது. இதற்குக் காரணமான மரபணு இன்னதென்று 2006இல் உறுதியானது. கிழக்கிந்தியக் கமக்காரர் விரும்பி விதைத்த ‘ஸ்வர்ணா’ நெல்லோடு அதைக் கலந்து, பிறந்த பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடேயே சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்நிய அம்சம் பாதியாகும்: முதல் மறுகலப்பில் கால்வாசி, அடுத்ததில் எட்டிலொன்று, அதற்கடுத்ததில் பதினாறிலொன்று. இலைச் சோதனையால் வேண்டிய மரபணு உள்ள நாற்றுகளை மட்டும் பொறுக்கியதால் இரண்டு மூன்று சுற்றிலேயே வேலை முடிந்தது. 2009இல் இந்தியாவில் விதை வெளியானது. சோறு பழைய ஸ்வர்ணாவின் சோறுதான். கமக்காரர் வேறு எதையும் பழகவேண்டியிருக்கவில்லை. பின்னர் தமிழ்நாட்டு டெல்டாக்காரர் அறிந்த சி.ஆர். 1009 நெல்லுக்கும் இதையே செய்தார்கள். மொட்டைக்கறுப்பனின் நிறத்தையும் சுவையையும் வைத்துக்கொண்டு தண்டைச் சற்றுக் குறுக்கி, உவரையும் மூழ்கலையும் தாங்கவைப்பது கற்பனை வேலை அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஒன்றை மட்டும் மிகைப்படுத்தக் கூடாது. சுவையும் மகசூலும் வரட்சி தாங்கும் குணமும் ஒரு மரபணுவின் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. பத்துப் பதினைந்து, சிலவேளை நூற்றுக்கணக்கானவை சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. பொக்காளியின் அந்தப் பகுதியும் நாற்றைத்தான் காக்கும். பூக்கும் பருவத்தில் ஏறும் உவருக்கு வேறு வழி தேடவேண்டும்.

மாம்பழத்துக்கு வந்தால் கதை மெதுவாகிறது. மாமரக் கொட்டையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இருக்கும் என்று நம்ப முடியாது என்பதை வளவு வைத்திருக்கும் எல்லோரும் அறிவர். அதனால்தான் ஒட்டுக்கன்று தேடுகிறோம். அந்த நிச்சயமின்மைதான் இனவிருத்தியின் மூலதனம், பெருஞ்சுமையும் அதுவே. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள்; கையால் மகரந்தம் சேர்த்தால் நூறு பூவுக்கு ஒரு காய் நிலைப்பதே அரிது. நிலைத்த கொட்டையை நட்டால் முதற்பழத்துக்கு ஆறேழு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அப்போதும் நூறு கன்றில் தொண்ணூற்றொன்பது வெட்டி விறகாக்க வேண்டியவை. டெல்லியில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தார் வடக்கின் தசேரியையும் தென்னாட்டின் நீலத்தையும் கலந்து 1970களின் தொடக்கத்தில் மல்லிகாவையும் ஆம்ரபாலியையும் தந்தார்கள். ஆம்ரபாலி குட்டை மரம். ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓயும் பழக்கமும் அதற்கு இல்லை. அந்த ஓர் இனத்துக்காக எத்தனை கன்றுகளை எத்தனை வருடம் சோறூட்டி வளர்த்திருப்பார்கள்! மாவின் நாற்பது நிறமூர்த்தங்களின் முழு எழுத்தும், அல்போன்சா மரத்தை வைத்து, 2020இல் வெளியாகிவிட்டது. வேண்டாத கன்றுகளை நாற்றுமேடையிலேயே கழிக்க இனி முடியும். ஏழு வருடக் காத்திருப்பைக் குறைக்க முடியாவிட்டாலும் ஏழு வருடம் வீணாக நிலத்தைப் பிடித்து நிற்கும் மரங்களின் தொகையைக் குறைக்கலாம்.

இங்கேதான் தெல்லிப்பழைக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. நெல்லைப்போல மாங்கொட்டையை உலர்த்திக் குளிரறையில் வைக்க முடியாது, உலர்ந்தால் செத்துவிடும். மாவின் விதை வங்கி என்றால் அது உயிரோடு நிற்கும் மரங்களின் தோப்புத்தான். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் வளவுக்கு வளவு பழம் வேறுபடுகிறது. சில ஒட்டு வழியில் வந்தவை. சில கொட்டையிலிருந்து தாமாக முளைத்துப் பெயரை மட்டும் இரவல் வாங்கியவை. எது எதற்கு உறவு என்பதை டி.என்.ஏ. சோதனைதான் சொல்லும், புளோரிடாவின் ஹேடனுக்குத் தகப்பன் யார் என்பதையும் அதுதான் சொல்லிற்று. ஊர் ஊராகத் தாய்மரங்களைப் பதிந்து, சோதித்து, ஒட்டுக்கிளை எடுத்து, வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு தோப்பாக நட வேண்டும். ‘விடுவித்த காணியில் மறுபடியும் அரசாங்கம் கால்வைக்கவா?’ என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஒரு பரப்புத் தனியார் காணிகூட இதற்குத் தேவையில்லை. அரச பண்ணைகளும் பாடசாலை வளவுகளும் உள்ளன. விரும்பிச் சேரும் உரிமையாளர்களின் தோட்டங்களும் உள்ளன. தோப்பு ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்றும் இல்லை. பனையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆண்பனையா பெண்பனையா என்று அறிய அது பூக்கும்வரை, பன்னிரண்டு பதினைந்து வருடம் காத்திருக்கிறோம். பேரீச்சையில் ஆண்மையைத் தீர்மானிக்கும் மரபணுக்களை 2018இலேயே கண்டுவிட்டார்கள். கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, இது மரபணு மாற்றுப் பயிர்தானே என்ற அச்சம். மேலே சொன்ன ஸ்வர்ணாவும் சி.ஆர். 1009உம் ஏ.ரி. 354உம் பூவோடு பூச்சேர்ந்து பிறந்தவை. வேற்றுயிரின் மரபணு எதுவும் அவற்றில் இல்லை. மரபணுவையே திருத்தும் புதிய முறையும் வந்துவிட்டது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல்லினங்களை இந்தியா அறிவித்தது. அங்கே விவாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதை அல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே கல்லால் அடிப்பதால் பாதகமில்லாத முறையும் சேர்ந்து அடிபடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: பாரம்பரிய நெல் உரம் கேளாமல், மருந்து கேளாமல் விளைகிறது, நோய்க்கும் நல்லது, அதை ஏன் மாற்றவேண்டும்? இதன் முற்பாதி ஓரளவு உண்மை. ஆனால் பழைய விளைச்சலோடு இன்றைய வாய்களை நிரப்ப முடியாது. 1950களின் தொடக்கத்தில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன்னாக இருந்த இலங்கையின் சராசரி நெல் விளைச்சல் பின்னர் நான்கு தொன்னைத் தாண்டியது. அதில் புதிய இனங்களுக்கும் அவை கேட்ட உரத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே கையெழுத்தில் தடைசெய்தபோது நடந்ததை எல்லோரும் பார்த்தோம். சில மாதங்களில் தடையை நீக்கிய பிறகும் அந்தக் காலபோக விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதியானது. உரத்தை நிறுத்தினால் மண் தானாகத் திருந்திவிடும் என்று நம்பியது தவறென்றால், உரத்துக்கு அடிமையான இனங்களை மட்டுமே வைத்திருந்ததும் தவறுதான். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருக்கும் நிலையில் குறைந்த உரத்தில் சுமாராக விளையும் நெல் நமக்கு ஆடம்பரம் அல்ல. பழைய இனத்தின் பொறுமையும் புதிய இனத்தின் கதிரும் ஒரே பயிரில் வேண்டுமென்றால் கலப்பைத் தவிர வேறு பாதை கிடையாது. இன்னொன்று: இன்று கையிலிருக்கும் மொட்டைக்கறுப்பன் ஆதியில் வானத்திலிருந்து விழுந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகக் கமக்காரர் நல்ல கதிரைப் பொறுக்கிப் பொறுக்கி ஆக்கியது. அந்தப் பொறுக்கலைத் தொடர்வது மரபை மீறுவதாகாது.

மூன்றாவது மறுப்பை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். நம் விதையின் எழுத்தை வாசித்துப் பதிந்தால் கம்பனிக்காரன் கொண்டுபோய்விட மாட்டானா? கொண்டுபோக முயன்றிருக்கிறார்கள். 1997இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பாஸ்மதிக்குக் காப்புரிமை வாங்க, இந்தியா எதிர்த்து வாதாடிப் பெரும்பகுதியைக் கைவிடச் செய்தது. வாதாட முடிந்தது எதனால்? பாஸ்மதி இன்னது, அதன் குணங்கள் இவை என்று பதிவும் ஆய்வும் கையில் இருந்ததால். பதியாத பொருளுக்குக் களவு நடந்ததென்றுகூட நிறுவ முடியாது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் கமக்காரர் தம் நாட்டு இனத்தைத் தம் பெயரிலேயே பதிய இடமளிக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு விதைச் சட்டம் பெரிதும் விதையின் தரத்தைப் பற்றியே பேசுகிறது. இந்த ஓட்டையை அடைப்பது வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றிச் செய்யக்கூடிய வேலை. நெல் தன் பூவிலேயே கருத்தரிக்கும் பயிர் என்பதையும் மறக்கக்கூடாது. அரச நிலையம் வெளியிடும் நிலையான இனத்தின் விதையைக் கமக்காரர் தாமே எடுத்து அடுத்த போகம் விதைக்கலாம். வருடாவருடம் வாங்கவேண்டிய கட்டாயம் கம்பனிகளின் ‘ஹைபிரிட்’ விதைக்குத்தான்.

பத்தலகொடையில் செய்யட்டுமே, குடாநாட்டின் சிறிய வயற்பரப்புக்குத் தனி ஆராய்ச்சி எதற்கு என்று கொழும்பில் கேட்பார்கள். பத்தலகொட செய்த வேலை மகத்தானது. இலைச் சோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் செய்யலாம். ஆனால் எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்ற தெரிவு பயிர் நிற்கும் மண்ணில்தான் நடக்கும். குருநாகல் வயலில் முதலிடம் பெற்ற பயிர், புழுதியில் விதைத்து ஐந்து வாரம் மழை காணாத வயலில் கடைசியில் நிற்கலாம். அவித்துக் குத்திய சிவப்பரிசிச் சோற்றின் பதத்தைச் சொல்லவும் இங்குள்ள நாக்குகள்தான் வேண்டும். திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. இல்லாதது, இவற்றை ஒரே வேலைத்திட்டத்தில் கட்டிப் பத்துப் பதினைந்து வருடம் பணத்தை நிறுத்தாமல் கொடுக்கும் ஏற்பாடு. மூன்று வருடத் திட்டங்களால் நெல்லில் ஏதாவது செய்யலாம். மாவில் ஒன்றும் செய்ய முடியாது. நெல்லுக்கான வேலையை வரும் காலபோக அறுவடைக்கு முன், ஊர் ஊராகக் கதிர் பொறுக்குவதிலிருந்து தொடங்கலாம். மாமரத்துக்கான இனவிருத்தியாளரை அதற்கும் முன்னரே நியமிக்கவேண்டும். இளம் வயதிலேயே வேலைக்கு வந்தாலும், ஓய்வுபெறும் நாளுக்குள் அவர் இரண்டு அல்லது மூன்று தலைமுறைக் கன்றுகள் காய்ப்பதை மட்டுமே பார்ப்பார்.